கப்பல் ஏறியதும் கரிசலில் தங்கியதும்

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் சுமார் 60 கிலோமீட்டர். இந்த வட்டாரத்துத் தீப்பெட்டி பண்டல் பண்டலாகக் கன்டெய்னரில் ஏறி அந்தத் துறைமுகம் வழியாக வெளிநாடு போகிறது. மியான்மருடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி உளுந்து வந்திறங்க மத்திய அரசு குறித்த ஐந்து துறைமுகங்களில் அதுவும் ஒன்று. உளுந்தோ இந்தக் கரிசல் மண்ணின் சொந்தப் பயிர். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, தையிலும் மாசியிலும் அடித்துத் தூற்றி எடுப்பது. ஒரே துறைமுகம் இந்த மண்ணின் ஒரு பொருளுக்கு வெளியே வாசல் திறந்துவிடுகிறது, இன்னொரு பொருளுக்குப் போட்டியைக் கொண்டுவந்து இறக்குகிறது. சர்வதேச வாணிபம் ஒரு மாநிலத்தின் பொருளாதாரத்தைத் தாங்குகிறதா என்ற கேள்வியைச் சென்னையில் உட்கார்ந்து கேட்டால் ஒரு பதில் வரும். கரிசலில் நின்று கேட்டால் அந்தப் பதிலோடு சில நிபந்தனைகளும் வரும். அந்த நிபந்தனைகள்தான் இக்கட்டுரையின் பொருள்.

சென்னையின் பதில் எண்களில் இருக்கிறது. 2023-24இல் தமிழ்நாட்டின் சரக்கு ஏற்றுமதி 4,356 கோடி டாலர். அடுத்த ஆண்டில் 5,207 கோடி டாலர். இதில் மின்னணுப் பொருள்கள் மட்டும் ஒரே ஆண்டில் 956 கோடி டாலரிலிருந்து 1,465 கோடி டாலருக்கு ஏறின. இந்த வளர்ச்சி பொய்யில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மாதச் சம்பளம் வாங்குவதற்கு இதுவே காரணம். ஆனால் ஏற்றுமதித் தொகை என்பது கப்பலில் ஏறிய சரக்கின் விலை. அந்த விலையில் எவ்வளவு இந்த மண்ணில் கூலியாக, லாபமாக, தொழிலறிவாகத் தங்கியது, எவ்வளவு இறக்குமதி செய்த பாகங்களின் விலையாக வந்த வழியே திரும்பிப் போனது என்பதை அந்தத் தொகை சொல்லாது. வெளிநாட்டு வாணிபம் ஒரு பகுதியை வளப்படுத்துவது சரக்கின் அளவால் அன்று. வயலுக்கும் கப்பலுக்கும் இடையே உள்ள படிகளில் எத்தனை படி அந்தப் பகுதிக்காரர் கையில் இருக்கிறது என்பதால்தான் என்பது என் வாதம். இதைச் சோதித்துப் பார்க்கக் கரிசலைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. உலகச் சந்தையோடு இந்த மண் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகியிருக்கிறது, பலவிதமாக.

முதலில் பருத்தி. லிவர்பூல் சந்தையில் இந்தப் பகுதிப் பருத்திக்குத் 'தின்னவேலி' என்று தனிப்பெயரே இருந்தது. உப்பம், கருங்கண்ணி என்ற நாட்டு ரகங்கள் கலந்த பருத்தி அது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து பருத்தி வருவது நின்றபோது லங்காஷயர் ஆலைகள் இந்தியாவின் பக்கம் திரும்பின, விலை எகிறியது, கரிசல்காடு உலகத்தின் கண்ணில் பட்டது. 1865இல் போர் முடிந்ததும் விலை இறங்கியது. எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று எட்டயபுரத்துச் சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் அந்த அலை ஓய்ந்த பிறகும் வழி மிஞ்சியது. 1876இல் மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. தாமிரபரணிக் கரையில் நெல் விளைந்த செழிப்பான பகுதியை விட்டு விலகி, வானம் பார்த்த பூமியை ஊடுருவிக்கொண்டு தண்டவாளம் போனதற்குப் பருத்தியும் ஒரு காரணம். திருநெல்வேலிச் சீமையை நன்செய், புன்செய், இரண்டும் கலந்த பகுதி என்று பிரித்துக் காட்டிய வரலாற்றாசிரியர் டேவிட் லட்டனின் 1985ஆம் ஆண்டு நூலைப் படிப்பவர்களுக்கு, நீர்வளம் உள்ள இடத்தில்தான் செல்வமும் அதிகாரமும் குவியும் என்ற பழைய கணக்கைப் புன்செய் வாணிபம் எப்படிக் கலைத்துப்போட்டது என்பது விளங்கும்.

கலைத்ததுதான், ஆனால் யாருக்காக? பருத்தி பொதியாகப் போய் நூலாகவும் துணியாகவும் திரும்பி வந்தது. இடையில் இருந்த அரைவை, அழுத்திக் கட்டும் ஆலை, கப்பல், காப்பீடு, லிவர்பூல் விலை ஆகிய படிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய நிறுவனங்களின் கையில் இருந்தன. ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் நூற்பாலை வைத்தார்கள், பிறகு மதுரையில். உள்ளூர்க்காரர் ஒருவர் அந்தப் படியில் ஏறப் பார்த்ததற்கும் ஒரு சான்று உண்டு. பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்து நொடித்துப்போனவர். தமிழ் இலக்கியம் படித்தவர்கள் இதைக் கவிஞரின் இளமை வறுமைக்கு முன்கதையாகவே அறிவார்கள். பொருளாதார வரலாற்றின் கண்ணால் பார்த்தால் வேறொன்று தெரியும். எந்திரமும் பருத்தியும் இருந்தும், கடனும் சந்தைத் தொடர்பும் அரசின் ஆதரவும் இல்லாதவரால் அடுத்த படிக்கு ஏற முடியவில்லை. ஓட்டப்பிடாரத்துக் கரிசலில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கியதையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அவரை வெளிநாட்டு வாணிபத்துக்கு எதிரியாகச் சித்தரிப்பவர்கள் உண்டு. அவர் வாங்கியது கப்பல்; தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான போக்குவரத்தில் ஒரு பங்கு தமிழர் கையில் இருக்க வேண்டும் என்றார். கடலை மூடச் சொல்லவில்லை, கடலில் இடம் கேட்டார். போட்டியாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தே அவரை நெருக்கியது. 1908இல் அவரைச் சிறையில் தள்ளியதும் மிச்ச வேலையும் முடிந்தது.

இந்தக் கதையை இதோடு நிறுத்தினால், வாணிபம் என்றாலே சுரண்டல் என்ற முடிவுக்கு வருவது எளிது. அப்படி வருபவர்கள் மகமையை மறந்துவிடுகிறார்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் குடியேறி வாணிபத்தில் தலையெடுத்த நாடார் சமூகத்தார், கடைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று பொதுநிதிக்கு எடுத்து வைத்தார்கள். பருத்தி மூட்டையானாலும் மிளகாய் மூட்டையானாலும் மகமை உண்டு. அந்தக் காசில் பேட்டை, கிணறு, கோயில் எழும்பின. 1880களில் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. பின்னாளில் காமராஜர் சிறுவனாகப் போய்ப் படித்த பள்ளி அது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு இந்த அமைப்பை விரிவாக விவரிக்கிறது. லண்டனுக்குப் போன லாபத்தோடு ஒப்பிட்டால் மகமை சில்லறைக் காசுதான். ஆனால் அது ஊரிலேயே தங்கிய காசு. அடுத்த தலைமுறையின் கணக்கறிவாகவும் நம்பிக்கையாகவும் கடன் வாங்கும் தகுதியாகவும் அது மாறியது. இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நிதி முதன்மையாக ஒரு சமூகத்துக்குள் சுழன்றது. பருத்தி எடுத்த கூலிப்பெண்ணின் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. அப்படியிருந்தும், கடந்துபோகும் சரக்கிலிருந்து ஊருக்கென ஒரு பங்கைப் பிரித்து நிறுத்த முடியும் என்பதற்கு மகமை கண்கூடான சாட்சி. இந்த நிதியும் இந்த அனுபவமும் இருந்த மண்ணில்தான் அடுத்த தொழில் முளைத்தது.

அதுதான் தீப்பெட்டி. முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவில் எரிந்த தீக்குச்சி பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்து வந்தது. போர்க் காலத்தில் ஜப்பான் அந்த இடத்தைப் பிடித்தது. கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் சிறு எந்திரங்களை வைத்துத் தீப்பெட்டி செய்ய, அக்கம்பக்கத்தார் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் சுங்க வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள். தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி 1923இல் சிவகாசியில் தொடங்கினார்கள். மழை பொய்த்தால் வேலையே இல்லாத பூமி, வெயில் தாராளம், காற்றில் ஈரம் குறைவு, கையிருப்பில் வாணிப அனுபவம். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று தொழில் பரவியது. இன்றைக்கும் இப்பகுதி மக்கள் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். காட்டுவேலையிலிருந்து கூரைக்கடியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வந்ததையே ஒரு தகுதி உயர்வாக அந்தச் சொல் வைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். தீப்பெட்டித் தொழிலை வளர்த்தது திறந்த வாணிபம் அல்லவே, சுங்கச் சுவர்தானே? 1928இல் அந்த வரியைப் பாதுகாப்பு வரியாகவே சட்டம் உறுதிப்படுத்தியது. அப்படியானால் மாநிலம் தேட வேண்டியது உலகத் தொடர்பையா, பாதுகாப்பையா? ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. வரி இல்லாமல் சிவகாசி பிறந்திருக்காது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் சுவர் உள்ளூர்க்காரனை மட்டும் காக்கவில்லை. ஸ்வீடிஷ் தீப்பெட்டிப் பேரரசு அதே 1923இல் விம்கோ என்ற பெயரில் சுவருக்கு உள்ளேயே வந்து, பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்தில் ஆலை போட்டது. சுவருக்குள் நடந்த போட்டியில் கரிசலைக் காப்பாற்றியது வேறு இரண்டு: எந்திரத் தீப்பெட்டியைவிடக் கைத் தீப்பெட்டிக்குக் குறைவாக விதிக்கப்பட்ட கலால் வரி ஒன்று, மலிவான கூலி இன்னொன்று. தவிரவும், அந்தத் தொழிலின் ஒவ்வொரு நரம்பும் வெளியிலிருந்து வந்தது. நுட்பம் ஜப்பான் வழி கல்கத்தா. குச்சி மரம் கேரளம். சந்தை வட இந்தியா. கோவில்பட்டிக்காரனுக்குப் பஞ்சாபும் வெளிச்சந்தைதான்: மொழி வேறு, கடன் பழக்கம் வேறு, லேபிளில் போடும் படமும் வேறு. வெளியூர்க்காரனுக்கு விற்கப் பழகிய கைதான் பிறகு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் விற்றது. வரி அவகாசம் கொடுத்தது. தொழிலைக் கொடுத்தது தொடர்பு.

மலிவான கூலி என்று ஒரு சொல்லில் கடந்துவிடக் கூடாத ஒன்று இதில் உண்டு. கட்டையில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பல பத்தாண்டுகள் குழந்தைகளின் விரல்களே பயன்பட்டன. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் தேதி அளித்த தீர்ப்பு சிவகாசியிலிருந்து தொடங்கி நாடு முழுவதற்கும் நெறிமுறை வகுத்தது. குழந்தைகள் போனால் தொழிலே படுத்துவிடும் என்று அப்போது எச்சரித்தவர்கள் உண்டு. தொழில் படுக்கவில்லை. ஓரளவு எந்திரமும் வளர்ந்த பெண்களின் உழைப்புமாக மாறி நடந்தது. குறைந்த கூலியையே தன் போட்டித்திறன் என்று நம்பும் ஒரு பகுதி, உலகச் சந்தையில் நிற்க அது ஒன்றுதான் வழி என்றும் நம்பிவிடுகிறது. கரிசலின் சொந்த அனுபவமே அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியிருக்கிறது. விம்கோவின் கதையும் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியே முடிந்தது. 2005இல் ஸ்வீடிஷ் நிறுவனம் தன் பங்கை ஐடிசி குழுமத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. கோவில்பட்டியின் சிறு ஆபீஸ்கள் நின்றன.

நின்றன என்றாலும் எப்படி நின்றன என்பதை ஒரு பண்டலைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். ஒரு பண்டலில் 600 பெட்டி. பெட்டிக்கு 50 குச்சி என்றால் 30,000 குச்சி. 2021இன் பிற்பகுதியில் அதன் விற்பனை விலை 270 முதல் 300 ரூபாய். அதாவது ஆபீஸ் வாசலில் ஒரு பெட்டிக்குக் கிடைத்தது அதிகம் போனால் ஐம்பது காசு. கடையில் அதன் விலை ஒரு ரூபாய். 2007 முதல் பதினான்கு ஆண்டுகள் அதே ஒரு ரூபாய். இதற்கிடையே சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்குப் போனது. மெழுகு 58லிருந்து 80க்கு. பாஸ்பரஸ் விலையைச் சீனத்து மின்வெட்டும், மெழுகு விலையைக் கச்சா எண்ணெயும் ஆட்டிவைக்கின்றன. வாங்கும் பக்கத்தில் உலகவிலை மறுநாளே வந்து கதவைத் தட்டுகிறது. விற்கும் பக்கத்தில் விலை பதினான்கு ஆண்டுகள் அசையவில்லை. கடைசியில் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி 2021 டிசம்பர் 1 முதல் பெட்டி இரண்டு ரூபாய் என்று அறிவித்தார்கள். உலகமயம் என்பது எல்லோரையும் ஒரே அளவில் உலகத்தோடு இணைப்பதில்லை. செலவில் இணைந்து வரவில் இணையாதவர்களே பெரும்பான்மை. மாநில ஏற்றுமதிக் கொள்கை எழுதுபவர்கள் தொகையைப் பார்ப்பதற்கு முன் இந்த ஐம்பது காசைப் பார்ப்பது நல்லது.

இப்போது தொழிலை நெருக்குவது லைட்டர். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் ஒரு பிளாஸ்டிக் லைட்டர் இருபது தீப்பெட்டிக்குச் சமம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. 2022இல் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதிய கடிதமும் அதையே சொன்னது. 2023 ஜூன் இறுதியில் இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களுக்கும் வந்தது. ஏற்றுமதிக்கு வாசல் திற, இறக்குமதிக்கு வாசலை மூடு என்று ஒரே வாயால் கேட்பது முரண் அல்லவா என்று கேட்டால், முரண்தான். ஆனால் எல்லா நாடும் செய்யும் முரண். தடை தேவையா என்பதைவிட, தடை வாங்கித் தரும் அவகாசத்தில் என்ன செய்கிறோம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1922இன் வரி ஒரு தொழிலை உண்டாக்கியது, ஏனென்றால் அந்த அவகாசத்தில் இருவர் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். இன்றைய தடை அப்படி எந்தப் பயணத்துக்கும் வழிவிடாவிட்டால், அடுப்பில் தானே பற்றவைக்கும் பொறியும் மின்னடுப்பும் லைட்டர் செய்ய நினைத்ததைச் செய்து முடிக்கும். அவற்றுக்குத் தடை கேட்க முடியாது.

உளுந்துக்கு வருவோம். தீப்பெட்டிக்குச் சங்கம் உண்டு, கடிதம் எழுத முதல்வர் உண்டு. கரிசல் உளுந்துக்கு அந்தக் குரல் இல்லை. 2021 மே மாதம் உளுந்து இறக்குமதிக் கட்டுப்பாட்டை மத்திய அரசு தளர்த்தியது. மியான்மருடன் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் வீதம் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. காலக்கெடு முடியும் போதெல்லாம் நீட்டித்தது. இதற்கு நியாயம் இருக்கிறது, அதை மறுப்பது நேர்மையாகாது. இட்லிக்கு உளுந்து வாங்கும் குடும்பங்கள் உளுந்து விளைவிக்கும் குடும்பங்களைவிடப் பலமடங்கு. விலை ஏறினால் முதலில் அடிபடுவது கூலிக்காரர் வீடு, அதில் கரிசல் கூலிக்காரரும் அடக்கம். ஆகவே இறக்குமதியை நிறுத்து என்பது என் வாதமல்ல. விதைக்கும் முன் தெரியட்டும் என்பதுதான். 2025-26க்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்று காகிதத்தில் இருக்கிறது. ஆனால் விதைத்து மூன்று மாதம் கழித்துத் துறைமுகத்தில் எவ்வளவு இறங்கும் என்று தெரியாத சம்சாரிக்கு, உலகச் சந்தை என்பது மழையைப் போல இன்னொரு நிச்சயமின்மை. அவர்களில் பலர் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டதில் வியப்பில்லை. கோழித்தீவனத்துக்கு வாங்க உள்நாட்டிலேயே ஆள் இருக்கிறது.

இதில் மாநில அரசு என்ன செய்ய முடியும் என்ற கேள்வி எப்போதும் எழும். சுங்க வரியும் அயல்நாட்டு வாணிபமும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் 83, 41ஆம் இனங்கள். மாநிலத்துக்கு அதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. அதனால் மாநிலத்தின் வேலை முதலீட்டாளர் மாநாடு நடத்துவதோடு முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள், தரம் என்ற துறையை மறந்துவிடுகிறார்கள். பருத்தியின் கதையில் நான் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான். தின்னவேலி என்ற பெயருக்கு லிவர்பூலில் மதிப்பு இருந்தது. அந்த மதிப்பைக் கெடுத்தது புளிச்சை. மட்டமான இந்த ரகத்தைக் கருங்கண்ணியோடு கலந்து எடைக்கு விற்றார்கள். கலந்தவருக்கு அன்றைக்கு லாபம், பெயர் போனதில் எல்லோருக்கும் நஷ்டம். ஒரு தனி வியாபாரி இதைத் தடுக்க முடியாது. தான் கலக்காமல் இருந்தாலும் பக்கத்துக் கடைக்காரர் கலந்தால் விலை ஒன்றுதான். அரசுதான் வர வேண்டியிருந்தது. 1901இல் கோவில்பட்டியில் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை சுத்தமான கருங்கண்ணி விதையைப் பிரித்தெடுத்துப் பரப்பியது. சென்னை மாகாண அரசு 1932இல் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து புளிச்சையைத் தடுத்தது. அந்தப் பண்ணை இன்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது; அங்கிருந்து வந்த பருத்தி, சோளம், மிளகாய் ரகங்களின் பெயரில் வரும் 'கே' என்ற எழுத்து கோவில்பட்டியைக் குறிப்பது. சுங்க வரி அதிகாரம் இல்லாத ஒரு மாகாணம் ஏற்றுமதிக்குச் செய்த மிகப்பெரிய உதவி விதையும் சட்டமும்தான்.

இதே தர்க்கம் இன்று வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் நிலக்கடலை, வெல்லப்பாகு, தாமிரபரணித் தண்ணீர் என்று செய்முறையோடு சேர்த்துப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. இந்தச் சட்டமே உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தை நிறைவேற்ற இந்தியா 1999இல் இயற்றியது. அந்த ஒப்பந்தத்தைக் கண்டித்துத் தமிழ்நாட்டில் நடந்த கூட்டங்களை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் தின்னவேலிப் பருத்திக்குக் கிடைக்காத காவல் கடலைமிட்டாய்க்குக் கிடைத்தது ஒரு சர்வதேச ஒப்பந்தத்தால். குறியீடு தானாகச் சந்தை பிடித்துத் தராது. கலப்படத்தைக் கண்காணிக்கவும், பூஞ்சை நச்சு இல்லை என்று பரிசோதித்துச் சான்று தரவும் பக்கத்திலேயே ஆய்வகம் வேண்டும். நிலக்கடலை விஷயத்தில் ஐரோப்பியச் சந்தை கேட்கும் முதல் காகிதம் அதுதான்.

நூல்கள் நிலவாகை என்றும் வியாபாரத்தில் சிலர் அவுரி என்றும் சொல்லும் சென்னா இலைக்கும் இந்தத் தரக் கணக்கு பொருந்தும். மலச்சிக்கல் மருந்துக்காக ஜெர்மனியும் அமெரிக்காவும் ஜப்பானும் வாங்கும் இந்த இலைக்கு மேலைநாட்டு மருந்து நூல்களில் இன்றுவரை 'தின்னவேலி சென்னா' என்றே பெயர். தண்ணீர் கேட்காத பயிர். பறித்து நிழலில் காயவைத்து, பச்சை நிறம் மங்காமல் இருந்தால் நல்ல விலை, கறுத்தால் அடிமாட்டு விலை. இலையாகப் போனால் ஒரு விலை, அதன் மருந்துச் சத்தான சென்னோசைடைப் பிரித்து அனுப்பினால் அதைவிடப் பலமடங்கு. பருத்தியில் பொதிக்கும் நூலுக்கும் இடையே விட்ட அதே படி இங்கேயும் காத்திருக்கிறது.

இந்தப் பின்னணியில் தூத்துக்குடியின் புதிய முகத்தைப் பார்க்கலாம். 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. அதில் பேசப்பட்ட வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் சொன்னபடி வந்தது. 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடி அருகே சிலாநத்தத்தில் மின்வாகன ஆலை திறந்தது, தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டி என்ற திறனோடு. ஒப்பந்தத்துக்கும் திறப்புக்கும் இடையே ஒன்றரை ஆண்டு என்பது பாராட்ட வேண்டிய வேகம். 2024 செப்டம்பரில் துறைமுகத்தில் புதிய பன்னாட்டுக் கன்டெய்னர் முனையமும் திறக்கப்பட்டது. இதை வெறும் பாகம் பூட்டும் வேலை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிவகாசியும் பிறர் தொழிலைப் பார்த்துப் பூட்டப் பழகியதில்தான் தொடங்கியது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி பருத்திக் காலத்துக் கேள்விதான். இருக்கை, கம்பி, பிளாஸ்டிக் வார்ப்பு இவற்றில் எது கோவில்பட்டியிலிருந்தோ கயத்தாறிலிருந்தோ போகப் போகிறது? தீப்பெட்டி எந்திரங்களை இத்தனை ஆண்டுகளாகப் பழுதுபார்த்த லேத் பட்டறைகளுக்கு அந்த ஆலையின் தரப் பட்டியலைப் படித்துக் காட்ட யார் இருக்கிறார்கள்?

வெளிச்சந்தையை நம்புவது ஆபத்து என்ற கடைசி ஆட்சேபத்துக்கு 2025 ஆகஸ்ட் மாதமே போதுமான சான்று தந்தது. அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது வரியை 50 சதவீதமாக்கியது, திருப்பூர் ஆடிப்போனது. ஆபத்து மெய்தான். ஆனால் அந்த அடியின் பாரம் எப்படி இடம் மாறியது என்பதையும் பார்க்க வேண்டும். ஆடை ஏற்றுமதியாளருக்கு ஆறுதலாக மத்திய அரசு பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை நீக்கியது. ஒன்பது நாளில் அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. வாஷிங்டனில் போட்ட வரிக்குத் திருப்பூருக்கு மருந்து, மருந்தின் செலவு பருத்தி விளைவிப்பவர் கணக்கில். திருப்பூரும் கோவில்பட்டியும் ஒரே மாநிலம்தான், இரண்டும் உலகச் சந்தையில்தான் நிற்கின்றன. ஒன்றின் நிவாரணம் இன்னொன்றின் நட்டமாக முடியலாம் என்பதை மாநில ஏற்றுமதித் தொகை காட்டாது. கரிசலில் மானாவாரிப் பருத்தி விதைப்பது புரட்டாசியில். வரி நீக்கத்தை நீட்டித்த அறிவிப்பு வந்தது ஆவணி நடுவில், சம்சாரி பருத்தியா மக்காச்சோளமா என்று விதைக்கடை வாசலில் நிற்கப்போவதற்குச் சில வாரங்கள் முன்பு.